செயற்கைப் புல்லும் சின்ன கிளப்புகளும்: லீக் டூவின் கதவு ஏன் இன்னும் திறக்கவில்லை?

இங்கிலாந்துக் கால்பந்தின் ஐந்தாவது பிரிவான நேஷனல் லீக்கில் ஆடும் ஒரு கிளப், சீசன் முழுக்கப் போராடி நான்காவது பிரிவான லீக் டூவுக்கு முன்னேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மைதானத்தில் செயற்கைப் புல்தரை இருந்தால், கொண்டாட்டம் முடிந்த கையோடு அந்தத் தரையைப் பெயர்த்தெடுக்க வேண்டும். ஐந்தாவது பிரிவில் செல்லுபடியான தரை நான்காவதில் செல்லாது. ஹாரோகேட் டவுன் 2020இல் பெயர்த்தது, சட்டன் யுனைடெட் 2021இல் பெயர்த்தது, புரோம்லி 2024இல் பெயர்த்தது.

இவற்றில் ஹாரோகேட் பட்ட அவசரம்தான் அதிகம். மேலே போகும் அணியைத் தீர்மானிக்கும், கொரோனாவால் தள்ளிப்போன பிளே-ஆஃப் இறுதியாட்டம் 2020 ஆகஸ்ட் 2 அன்று வெம்ப்ளியில் நடந்தது. நாட்ஸ் கவுன்டியை 3-1 என வென்று, தன் வரலாற்றிலேயே முதன்முறையாக, லீக் டூ உள்ளிட்ட தொழில்முறைப் பிரிவுகளை நடத்தும் ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்தது ஹாரோகேட். அடுத்த சீசன் செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிட்டது. இடையில் கிடைத்த ஆறு வாரத்தில் பழைய தரையைச் சுருட்டி எடுத்து, மண் நிரப்பி, வடிகால் சரிபார்த்து, புல் பதித்து, அது வேர் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நடக்கிற காரியமா? லீக் டூவில் தன் முதல் சில உள்ளூர் ஆட்டங்களை அந்தச் சின்ன கிளப் டான்காஸ்டர் ரோவர்ஸின் மைதானத்தில்தான் ஆடியது.

செயற்கைப் புல் விவாதம் என்றாலே பந்து எப்படி உருளுகிறது, முழங்காலுக்கு என்ன ஆகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள் பேச்சு சுருங்கிவிடுகிறது. இரண்டும் நியாயமான கேள்விகள், அவற்றுக்குப் பிறகு வருகிறேன். ஆனால் கீழ்ப் பிரிவு கிளப்புக்கு இவற்றுக்கு முன்னால் வரும் கேள்வி ஒன்று உண்டு. சனிக்கிழமை ஆட்டம் முடிந்தபின், அடுத்த ஆட்டம் வரைக்கும் அந்த மைதானம் என்ன செய்துகொண்டிருக்கிறது? யாரும் மிதிக்கக் கூடாத பச்சைக் கம்பளமாகச் சும்மா கிடக்கிறதா, அல்லது பிள்ளைகள் ஓடியாட இடம் கொடுத்து, கிளப்புக்கு வருமானமும் கொண்டுவருகிறதா? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு விதி எழுதுவதால்தான் ஹாரோகேட்டுக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கும் நேர்கிறது.

இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு கசப்பான நினைவு இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் உள்ளரங்கில் விரிக்கப்பட்டதிலிருந்து செயற்கைப் புல் உலகத்துக்குப் பரிச்சயம். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் அதை முதலில் போட்டது குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், 1981இல். பின்னால் லூட்டன் டவுன், ஓல்டாம் அத்லெட்டிக், பிரஸ்டன் நார்த் எண்ட் மூன்றும் சேர்ந்துகொண்டன. அன்றைய தரை கட்டையான இழைகளுக்கு இடையே மணல் நிரப்பிய, கெட்டியான ஒரு விரிப்பு. பந்து தரையில் பட்டால் தலைக்கு மேல் எழும்பும். சறுக்கி டேக்கிள் செய்தால் தொடைத் தோல் உரிந்து எரியும். அதற்குப் பயந்து முழுநீளக் கால்சட்டையோடு நின்ற கோல்கீப்பர்கள் உண்டு.

அந்தத் தரை சொந்த அணிக்குச் சாதகம் என்ற குற்றச்சாட்டும் வெறும் புலம்பல் அல்ல. இரண்டாம் பிரிவில் இருந்த ஓல்டாம், 1990 பிப்ரவரியில் லீக் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் தன் மைதானத்துக்கு வந்த வெஸ்ட் ஹாமை 6-0 என்று நொறுக்கியது. இந்த கிளப்புகளின் முடிவுகளை ஆராய்ந்து 1993இல் ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டியின் ஆய்விதழில் வந்த கட்டுரையும், செயற்கைத் தரை கொண்ட அணிகளுக்கு உள்ளூரில் கூடுதல் சாதகம் இருந்ததாகவே கண்டது. 1991இல் முதல் பிரிவுக்கு முன்னேறிய ஓல்டாம் தரையை மாற்ற வேண்டியிருந்தது. கடைசியாக எஞ்சிய பிரஸ்டனின் தரை 1994இல் போனது. இன்று கிளப் நிர்வாகங்களில் இருக்கும் பலர் அந்தக் காலத்தை மைதானத்திலோ கேலரியிலோ பார்த்து வளர்ந்தவர்கள். ‘பிளாஸ்டிக் பிட்ச்’ என்று கேட்டாலே அவர்களுக்கு நினைவுக்கு வருவது அந்தத் தரைதான்.

இன்றைய தரை வேறு சரக்கு. 3ஜி என்று அழைக்கிறார்கள், மூன்றாம் தலைமுறை என்ற பொருளில். 4 முதல் 6 சென்டிமீட்டர் உயரமுள்ள பாலிஎத்திலீன் இழைகள், அவற்றின் அடியில் பாரத்துக்காக ஒரு அடுக்கு மணல், அதற்கு மேல் பழைய டயர்களை அரைத்த கறுப்பு ரப்பர் துகள். பல மைதானங்களில் விரிப்புக்குக் கீழே அதிர்ச்சி தாங்கும் ஷாக்பேட் ஒன்றும் இருக்கும். மண் செய்யும் வேலையை அந்தத் துகள்தான் செய்கிறது. பூட்ஸின் கட்டைகள் இறங்கிப் பிடிப்பதும் அதில்தான், விழுந்தால் தாங்குவதும் அதுதான். ஒரு முழு மைதானத்துக்கு ஏறக்குறைய 100 டன் வேண்டும். ஆடி முடித்து சாக்ஸைக் கழற்றினால் கறுப்பாகக் கொட்டுவதும் அதுவே. 2001இல் ஃபிஃபா இதற்கென்று தரச் சான்றுத் திட்டம் கொண்டுவந்தது. 2 மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டு எவ்வளவு எழும்புகிறது என்று அளப்பார்கள். சரிவுப் பலகையில் உருட்டிவிட்டு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார்கள். கட்டைகள் பதித்த தட்டு ஒன்றைத் தரையில் வைத்துத் திருகி, திரும்பும்போது தரை எவ்வளவு பிடிக்கிறது என்றும் சோதிப்பார்கள். உயர்தரமான ‘குவாலிட்டி ப்ரோ’ சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், அதற்கடுத்த ‘குவாலிட்டி’ சான்று மூன்றாண்டுக்கு. 2004இலேயே ஆட்ட விதிகள் செயற்கைத் தரையை ஏற்றுக்கொண்டுவிட்டன. நிறம் மட்டும் பச்சையாக இருக்க வேண்டும் என்று முதல் விதியே சொல்கிறது.

சரி, பணத்துக்கு வருவோம். ஒரு சாதாரண இயற்கைப் புல் மைதானத்தில் வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் ஆடினால், குளிர்கால ஈரத்தில் கோல் முகப்பு சேறாகிவிடும். செயற்கைத் தரை வாரத்துக்கு 40, 60 மணி நேரம் என்று அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். விளக்கு, வேலியோடு முழு அளவில் போட 10 லட்சம் பவுண்டை ஒட்டிச் செலவாகும். எட்டுப் பத்து ஆண்டில் மேல்விரிப்பை மாற்றவும் வேண்டும். ஆனால் பகலில் பள்ளிக்கூடம், மாலையில் சிறுவர் அணிகள், பெண்கள் அணி, இரவில் வேலை முடிந்து வரும் ஐவர் ஆட்டக்காரர்கள் என்று மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். செவ்வாயும் வியாழனும் பயிற்சிக்கு வேறொருவர் மைதானத்தை வாடகைக்கு எடுக்கும் தொல்லையும் மிச்சம். மேல் பிரிவு கிளப்புக்குத் தொலைக்காட்சி உரிமைப் பணம் கொட்டுகிறது. ஐந்தாவது, ஆறாவது பிரிவுக் கிளப்புக்கு டிக்கெட், தேநீர்க் கடை, பார், உள்ளூர் விளம்பரப் பலகை, இவ்வளவுதான். அந்தப் பட்டியலில் மைதான வாடகை சேர்ந்தால் கணக்கே மாறிவிடுகிறது.

மெய்ட்ஸ்டோன் யுனைடெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் சொந்த மைதானத்தை விற்றுவிட்டு டார்ட்ஃபோர்டில் ஒண்டுக்குடித்தனம் இருந்த கிளப் அது. 1992இல் பணமில்லாமல் ஃபுட்பால் லீக்கை விட்டே வெளியேறி, அடிமட்டத்திலிருந்து மறுபடி தொடங்கியது. மைதானத்தை விற்று 24 ஆண்டு கழித்து, 2012இல் சொந்த ஊரில் புதிய மைதானம் திறந்தபோது, முதல் நாளிலிருந்தே செயற்கைப் புல்தான். அந்தத் தரை ஊர் முழுக்க உள்ள அணிகளுக்கு இடம் கொடுத்தது, கிளப்புக்கும் சோறு போட்டது. மேல் லீக்குகளின் விதி குறுக்கே நின்றபோது, விதியை மாற்றச் சொல்லி முன்னால் நின்று வாதாடிய கிளப்புகளில் இதுவும் ஒன்று. 2015-16 சீசனிலிருந்து நேஷனல் லீக் இணங்கியது. ஆனால் அதற்கு மேல் உள்ள பிரிவுகள் அசையவில்லை. 2014இல் ஃபுட்பால் லீக் கிளப்புகள் இதுபற்றி வாக்கெடுத்தபோதும் அனுமதிக்கும் யோசனை நிறைவேறவில்லை.

வாடகையோடு முடிவதில்லை. மழையிலும் உறைபனியிலும் ஆட்டம் ரத்தாவது குளிர்காலத்தில் சின்ன கிளப்புகளுக்குப் பெரிய அடி. சனிக்கிழமை காலையில் நடுவர் வந்து தரையை அழுத்திப் பார்த்து ‘ஆட முடியாது’ என்றால், அன்றைய டிக்கெட் வசூல் போச்சு, வாங்கிவைத்த தின்பண்டமும் போச்சு. அந்த ஆட்டம் மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு செவ்வாய் இரவுக்குத் தள்ளிப்போகும். செவ்வாய் இரவில் கூட்டம் பாதிகூட வராது. பகலில் வேறு வேலை பார்க்கும் ஆட்டக்காரர்கள் வாரத்துக்கு மூன்று ஆட்டம் ஆடித் தீர்க்க வேண்டியிருக்கும். செயற்கைத் தரையும் கடும் உறைபனிக்குத் தப்பாது, என்றாலும் ரத்தாகும் ஆட்டங்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

இதில் எனக்கு ஒப்பவே முடியாத முரண்பாடு ஒன்று உண்டு. பிரீமியர் லீக், எஃப்ஏ எனப்படும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், அரசு ஆகிய மூவரின் நிதியில் இயங்கும் ஃபுட்பால் ஃபவுண்டேஷன், இங்கிலாந்து முழுக்க ஊருக்கு ஊர் 3ஜி மைதானம் போடப் பணம் கொடுக்கிறது. பெரிய அணிகளும் சின்ன அணிகளும் மோதும் எஃப்ஏ கோப்பையில் 3ஜி தரைக்குத் தடை இல்லை. 2017 பிப்ரவரியில் சட்டனின் செயற்கைத் தரையில்தான் ஆர்சனல் வந்து ஐந்தாம் சுற்று ஆடி 2-0 என்று வென்றது. அதற்கு முந்தைய சுற்றில் லீட்ஸ் அங்கே 1-0 என்று தோற்றுப்போனது. ஆர்சனலின் சர்வதேச ஆட்டக்காரர்கள் ஆடலாம் என்று ஒத்துக்கொண்ட மைதானம், நான்கே ஆண்டுகளில் லீக் டூ அணிகள் ஆடத் தகுதியற்றதாகிவிட்டது. இந்த விதி தரத்தைப் பற்றியது என்றால், அந்தத் தரம் எங்கே எப்படி அளக்கப்பட்டது என்று யாராவது சொல்ல வேண்டும்.

இனி ஆட்டக்காரர்கள் சொல்வது. அவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தரை பிடிக்கவில்லை. ஸ்காட்லாந்தில் ஆட்டக்காரர் சங்கம் இதைப் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 2015இல் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை முழுவதும் செயற்கைத் தரையில் என்று அறிவித்தபோது, முன்னணி வீராங்கனைகள் ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். ஆண்கள் உலகக் கோப்பைக்கு இப்படிச் செய்வீர்களா என்பது அவர்களின் கேள்வி. அதற்கு நேர்மையான பதில் ‘மாட்டோம்’ என்பதுதான். ஆட்டம் முடிந்த மறுநாள் மூட்டும் இடுப்பும் வலிக்கிறது, திரும்பும்போது கால் தரையோடு சிக்கிக்கொள்கிறது, வெயில் நாளில் பாதம் கொதிக்கிறது என்று அவர்கள் சொல்வதை ஆராய்ச்சித் தாளைக் காட்டித் தள்ளிவிட முடியாது. கொதிப்பது உண்மை. கோடை வெயிலில் செயற்கைத் தரையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு, பக்கத்திலிருக்கும் புல் அதில் பாதியளவில்தான் இருக்கும்.

ஆராய்ச்சித் தாள்கள் சொல்வதோ கலவையானது. ஐரோப்பிய கிளப்புகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியான முக்கியமான ஆய்வு, மொத்தக் காயங்களில் வேறுபாடு இல்லை, கணுக்கால் சுளுக்கு மட்டும் செயற்கைத் தரையில் கூடுதல் என்றது. 2023இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வில், மொத்தக் காய விகிதம் செயற்கைத் தரையில் சற்றுக் குறைவாகவே இருந்தது. அதே காலகட்டத்தில் வந்த இன்னொரு தொகுப்பு, பாதத்திலும் கணுக்காலிலும் காயம் அதிகம் என்று கண்டது. இவற்றை வைத்து ‘ஆபத்து’ என்றும் அடித்துச் சொல்ல முடியாது, ‘ஒரு வேறுபாடும் இல்லை’ என்றும் சொல்ல முடியாது. தவிர, இந்த ஆய்வுகள் எண்ணுவது ஆட்டக்காரரை ஆட விடாமல் செய்த காயங்களை. மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது வரும் வலி அந்தக் கணக்கில் வராது. முப்பதைத் தாண்டிய ஒரு கீழ்ப் பிரிவு ஆட்டக்காரர் பேசுவது பெரும்பாலும் அந்த வலியைப் பற்றித்தான்.

என் பார்வையில், இரண்டு தரப்பும் பேசத் தவறும் விஷயம் தரையின் வயது. முதல் ஆண்டில் மெத்தென்று இருக்கும் தரை, ஆறாவது ஏழாவது ஆண்டில் இழை சாய்ந்து, துகள் இறுகிக் கெட்டியாகிவிடும். பெனால்டி புள்ளியைச் சுற்றியும் கார்னர் முனையிலும் துகள் சிதறிப் பள்ளம் விழும். இதைத் தவிர்க்க வாரத்துக்குப் பலமுறை வண்டி இழுக்கும் தூரிகையால் வாரிவிட வேண்டும், இறுகிய துகளை அவ்வப்போது கிளறிவிட வேண்டும், குறைந்த இடத்தில் துகள் தூவ வேண்டும். ‘புல் வெட்ட வேண்டாம், பராமரிப்பே கிடையாது’ என்று நம்பிப் போட்ட கிளப்புகளின் தரைதான் ஆட்டக்காரர்களின் வாயில் அதிகம் விழுகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து ஆண்டுதோறும் கறாரான சோதனை. இயற்கைப் புல்லுக்கு அப்படி ஒரு சோதனையே கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜனவரியில் குண்டும் குழியுமாகக் கிடக்கும் சேற்றுத் தரை எந்தச் சான்றும் இல்லாமல் அனுமதிக்கப்படுகிறது.

உள்ளூர்ச் சாதகம் பற்றிய புகார் இன்றைய தரைக்கும் ஓரளவு பொருந்தும். வாரம் முழுக்க அதிலேயே பயிற்சி செய்பவர்களுக்குப் பந்தின் வேகம் கைவந்திருக்கும். அதே நேரம், அந்தத் தரையில் பழகியவர்கள் புல்லில் திணறுவார்கள் என்ற பேச்சு அவ்வளவாக நிற்கவில்லை. மெய்ட்ஸ்டோன் 2024 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் தன் மைதானத்தில் மூன்றாவது பிரிவான லீக் ஒன்னில் ஆடிய ஸ்டீவனேஜை 1-0 என வென்றது. அதே மாதக் கடைசியில், ஆறாவது பிரிவில் இருந்துகொண்டு, இரண்டாவது பிரிவான சாம்பியன்ஷிப்பில் உச்சத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த இப்ஸ்விச்சை அவர்களின் பசும்புல் மைதானத்திலேயே 2-1 என்று தோற்கடித்தது.

மற்ற நாடுகளிலும் கோடு இதே இடத்தில்தான் விழுகிறது, மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவில். ஸ்காட்லாந்தில் டன்ஃபெர்ம்லின் 2003இல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் சோதனைத் திட்டத்தில் செயற்கைத் தரை போட்டது. மற்ற கிளப்புகளின் எதிர்ப்பால் 2005இல் எடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் கதவு திறந்தது, கில்மார்னாக்கும் லிவிங்ஸ்டனும் உயர் பிரிவிலேயே அதில் ஆடின. 2024இல் பிரீமியர்ஷிப் கிளப்புகள் வாக்களித்து, 2026-27இலிருந்து உயர் பிரிவில் அது கூடாது என்று முடிவெடுத்தன. கீழ்ப் பிரிவுகளிலோ ஆலோவா, மான்ட்ரோஸ், ஏர்ட்ரி, ஸ்டென்ஹவுஸ்முயர், குயின் ஆஃப் த சவுத் என்று வரிசையாகச் செயற்கைத் தரை. நெதர்லாந்தும் தன் உயர் பிரிவான எரடிவிசியில் 2025-26இலிருந்து தடை போட்டுவிட்டு இரண்டாம் பிரிவை விட்டுவைத்திருக்கிறது. உயர் பிரிவில் பணம் இருக்கிறது, அங்கே புல் கேட்பதில் தவறில்லை. ஆனால் கோடு போட்டவர்கள் அதைக் கடக்கப்போகும் சின்ன கிளப்பின் செலவை யார் ஏற்பது என்பதையும் அதே மூச்சில் பேசியிருக்க வேண்டும். நெதர்லாந்தில் பெரிய கிளப்புகளின் ஐரோப்பிய வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுத்து மற்றவர்கள் புல்லுக்கு மாற உதவும் ஏற்பாடு பேசப்பட்டது. பேச்சு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

வடக்கே போனால் விவாதமே வேறு நிறம். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, குளிர்காலத்தில் சூரியன் அரிதாகவே எட்டிப் பார்க்கும் ஊரில் ஆடும் நார்வேயின் பூடோ/கிளிம்ட், செயற்கைத் தரையில்தான் 2021இல் இத்தாலியின் ரோமாவை 6-1 என்று வீழ்த்தியது. 2025இல் ஐரோப்பா லீக் அரையிறுதி வரை போனது. அங்கே புல்லா பிளாஸ்டிக்கா என்ற தேர்வு கிடையாது. ஆடுவதா, ஆறு மாதம் சும்மா இருப்பதா என்பதுதான் தேர்வு.

இயற்கைப் புல்லுக்குள் செயற்கை இழைகளைத் தைத்த ஹைப்ரிட் தரை நடுவழியாக முன்வைக்கப்படுகிறது. பெரிய மைதானங்களில் இன்று அதுதான் வழக்கம், லீக் டூவிலும் அனுமதி உண்டு. ஆட்டக்காரருக்கு அருமையான தரை. ஆனால் அதுவும் உயிருள்ள புல், வாரத்துக்கு 50 மணி நேரம் வாடகைக்கு விட முடியாது. சின்ன கிளப்பின் பிரச்சினைக்கு அது பதில் ஆகாது.

செயற்கைத் தரைக்கு எதிரான வாதங்களில் எனக்கு மிகக் கனமாகப் படுவது ஆட்டத்தைப் பற்றியதே அல்ல, அந்த ரப்பர் துகளைப் பற்றியது. 2016இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று டயர்த் துகளால் புற்றுநோய் வருமோ என்ற அச்சத்தைக் கிளப்பியது. மைதானங்கள் சில மூடப்பட்டன. அந்த ஆண்டு இறுதியில் அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து, உடல்நல ஆபத்து மிக மிகக் குறைவு, ஆடலாம் என்றது. ஆனால் துகள் மைதானத்தோடு நிற்பதில்லை. பூட்ஸில் ஒட்டிப் போகிறது, மழைநீரோடு வடிகாலில் இறங்குகிறது, பனியை வாரித் தள்ளும்போது அதோடு சேர்ந்து குவிகிறது. வேண்டுமென்றே தயாரித்துச் சேர்க்கப்படும் நுண்பிளாஸ்டிக்குகளில் சுற்றுச்சூழலுக்குள் அதிகம் கலப்பது இந்தத் துகள்தான் என்கிறது ஐரோப்பிய ஆணையம். 2023 செப்டம்பரில் அது கொண்டுவந்த சட்டத்தின்படி, எட்டு ஆண்டு அவகாசத்துக்குப் பின், 2031 அக்டோபரிலிருந்து இத்தகைய துகளை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கக் கூடாது. இருக்கும் தரையில் ஆடலாம், ஆனால் தூவுவதற்குப் புதுத் துகள் வாங்க முடியாது.

இந்தச் சட்டம் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் துகள் தயாரிப்பவர்களும் தரை போடுபவர்களும் ஐரோப்பா முழுக்க வியாபாரம் செய்பவர்கள். அதனால் மாற்றம் அங்கேயும் வந்தே தீரும். ஒரு தரையின் ஆயுள் எட்டுப் பத்து ஆண்டு என்றால், இப்போது போடுகிற தரையே அந்தக் காலக்கெடுவைத் தாண்டியும் ஓட வேண்டியது. கார்க் துகள் நல்ல மாற்று, ஆனால் எடை குறைவு, கனமழையில் மிதந்து ஓரத்தில் ஒதுங்கும். ஆலிவ் கொட்டை, தேங்காய் நார் ஆகியவையும் பயன்பாட்டில் உள்ளன, உறைபனி ஊர்களில் ஈரம் பிடித்து இறுகும் தொல்லை உண்டு. துகளே இல்லாத, நெருக்கமான இழைகள் கொண்ட தரைகளும் வந்துவிட்டன, அவற்றில் பிடிப்பும் தேய்மானமும் எப்படி என்று இன்னும் சில சீசன்கள் பார்க்க வேண்டும். இவற்றில் எதை எடுத்தாலும் அதிர்ச்சி தாங்கும் வேலையின் பெரும்பங்கு கீழே உள்ள ஷாக்பேடுக்குப் போய்விடும். ஷாக்பேட் இல்லாமல் மலிவாகப் போட்ட தரைகள் 2031க்குப் பிறகு அடியோடு தோண்டப்பட வேண்டியிருக்கும்.

லீக் டூ கதவைத் திறக்கும் என்றால் நான் வைக்கச் சொல்லும் நிபந்தனைகளும் இவைதான். ஒவ்வோர் ஆண்டும் குவாலிட்டி ப்ரோ சோதனையில் தேற வேண்டும். ரப்பர் துகள் இருக்கக் கூடாது. சோதனை முடிவு, தரை போட்ட ஆண்டு இரண்டையும் வரும் அணிக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். கதவைத் திறக்க மனமில்லை என்றால், குறைந்தபட்சம் முன்னேறிவரும் கிளப்புக்குத் தரை மாற்ற மூன்று சீசன் அவகாசமும், மாற்றும் செலவில் ஒரு பங்கும் லீக் தர வேண்டும். அந்த மூன்று சீசனுக்குள் கிளப் கீழே இறங்கிவிட்டால், ஊர்ப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த தரை அப்படியே அங்கேயே இருக்கும்.